போக்கர் டோர்னமென்ட்டில் தாமதமாக வருபவர்: கேள்வி பதில்

கேள்வி: ஆட்டம் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்துச் சேருபவருக்கும் முழு சிப்ஸா (பந்தயம் கட்டும் வில்லைகளா)? நியாயமா சார்?

பதில்: நியாயம்தான். ஆளுக்கு 20,000 சிப்ஸ் என்று வையுங்கள். பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டும் கட்டாயப் பந்தயம்; சின்னது ஸ்மால் பிளைண்ட், பெரியது பிக் பிளைண்ட், நேரம் போகப் போக இரண்டும் ஏறும். பிளைண்ட் 100/200 இருக்கும்போது அது 100 பிக் பிளைண்ட். 500/1,000 ஆன பிறகு வருபவருக்கு அதே 20,000 வெறும் 20 பிக் பிளைண்ட்தான். தாமதத்துக்கான விலை அதிலேயே போய்விடுகிறது. டோர்னமென்ட் இயக்குநர்கள் சங்கத்தின் (டிடிஏ) விதியும் முழு சிப்ஸ் என்றே சொல்கிறது. லாஸ் வேகாஸில் நடக்கும் உலக போக்கர் தொடரின் 10,000 டாலர் கட்டணம் கொண்ட மெயின் ஈவென்ட்டில் (முதன்மைப் போட்டியில்) இரண்டாம் நாள்கூடச் சேரலாம். அப்போதும் அதே 60,000 சிப்ஸ்தான்.

கேள்வி: முன்பே பணம் கட்டியவர் தாமதமானால்?

பதில்: உண்மையான அநியாயம் இங்கேதான் நடக்கிறது. ஆள் வராத நாற்காலிக்கு முன்னால் சிப்ஸை அடுக்கிவிடுகிறார்கள். சீட்டு போடுகிறார்கள், ஆள் இல்லாததால் அந்தக் கை (அவருக்கு விழுந்த சீட்டுகள்) செல்லாது என்று எடுக்கிறார்கள், பிளைண்டை மட்டும் பிடிக்கிறார்கள். நேற்றே பணம் கட்டியவருக்கு 17,000 மிச்சம். இப்போதுதான் கட்டியவருக்கு முழு 20,000! ஆள் வந்த பிறகே சிப்ஸை வையுங்கள். பதிவு மூடும்வரை இருவருக்கும் ஒரே கணக்கு. இதை முதல் சீட்டு போடும் முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, ஒத்துக்க மாட்டேன். நேரத்துக்கு வந்தவனுக்கு என்ன லாபம்?

பதில்: தம்பி, நூறு பிக் பிளைண்டோடு நிதானமாக ஆடும் நேரம்தான் லாபம். காலி நாற்காலியின் பிளைண்ட் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். அதே மேசைக்காரர்களுக்கு, சும்மா. பக்கத்து மேசையில் ஒன்பது பேரும் உட்கார்ந்து மோதுகிறார்கள், அவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. நேரத்துக்கு வந்த அவர்களுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

கேள்வி: ஆள் வந்த பிறகே சிப்ஸ் என்றால் அந்த மேசையில் ஆள் குறையுமே?

பதில்: குறையட்டும். வருகிறவர்களை ஆள் குறைந்த மேசைகளுக்குக் குலுக்கி அனுப்புங்கள். நண்பன் பக்கத்தில் இடம் கேட்டால் கொடுக்காதீர்கள், கூட்டுச் சதிக்கு அதுவே வாசல்.

கேள்வி: லேட்டாக வந்தால் சிப்ஸைக் குறைக்கலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஒரு மணி நேரம் லேட் என்றால் எவ்வளவு சிப்ஸ்?

பதில்: முழுசாக. மறுபடியும் சொல்கிறேன், விதியை முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள்.





கேள்வி: புதியவர் உட்கார்ந்ததும் சீட்டு கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், பிக் பிளைண்டில் விழுந்தாலும் கட்டி ஆட வேண்டியதுதான். பட்டனுக்கும் (சீட்டு போடும் முறை யாருடையது என்று காட்டும் வட்டு) ஸ்மால் பிளைண்டுக்கும் நடுவில் இடம் விழுந்தால் மட்டும் பட்டன் தாண்டும்வரை காத்திருக்க வேண்டும்.