தையல் டீச்சர் பதில்கள்

போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன்: இலங்கையில், கிளிநொச்சிப் பக்கம் ஒரு பெண்பிள்ளைகள் இல்லத்துக்கு ஏழு வருஷம் கழித்துப் போய்த் திரும்பினேன் என்று. 2018-ல் அங்கே மூன்று மாதம் தையல் சொல்லிக்கொடுத்தவள் நான். அதற்கு வந்த கேள்விகளில் சில.

*ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் உண்டா, டீச்சர்? எப்படிப் போனீர்கள்?*
– ஒரு வாசகர், தொண்டி

இல்லை தம்பி. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே 30 கிலோமீட்டர்தான். 1964 புயலில் தனுஷ்கோடி போனது. அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் நின்றது. இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத்தான். 2023 அக்டோபரில் தொடங்கி உடனே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள். நாலு மணி நேரம் ஆகும். மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். எதிரே இருக்கிற ஊருக்குப் போக உங்கள் தொண்டி வழியாக, மீமிசல், முத்துப்பேட்டை என்று பஸ்ஸிலேயே அரைநாள் போனது.

*பிள்ளைகளுக்கு என்ன வாங்கிப் போனீர்கள்?*
– ஒரு வாசகி, சாயல்குடி

உங்கள் ஊர்க் கருப்பட்டிதான், ஐந்து கிலோ. பெருமையாகப் பிரித்து வைத்தேன். சமையல்கார அக்கா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "எங்கட பனங்கட்டியும் இதுதானே" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். யாழ்ப்பாணத்துப் பக்கம் முழுக்கப் பனங்காடு என்பது எனக்கு மறந்தா போச்சு? திருநெல்வேலிக்கே அல்வா. நீங்கள் போனால் ஊசி, நூல்கண்டு, நல்ல கத்தரிக்கோல் கொண்டுபோங்கள். எங்கள் தங்கச்சிமடம் மல்லிகை நாற்றும் ஒரு பிள்ளை கேட்டாள். அனுமதிக் காகிதம் இல்லாமல் செடி கொண்டுபோக முடியாது, அதனால் விட்டுவிட்டேன்.

*ஏழு வருஷம் கழித்து உங்களை அடையாளம் தெரிந்ததா?*
– ஒரு வாசகி, மண்டபம்

தெரிந்தது. தெரியாமல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

2018-ல் கிளம்பும்போது வாசலில் நின்று, "போயிட்டு வாரேன் பிள்ளைகளா" என்றேன். நாம் எல்லோரும் சொல்வதுதான். கடைக்குப் போனாலும் சொல்வோம், 'போறேன்' என்று சொன்னால்தான் அம்மா அடிப்பார். அதற்கப்புறம் கொரோனா வந்தது. 2022-ல் அங்கே பெட்ரோலுக்கும் கேஸுக்கும் ஜனங்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். இங்கே என் மாமியார் படுக்கையில். வருஷம் ஓடிவிட்டது.

அப்போது 12 வயதாக இருந்தவளுக்கு இப்போது 19. இல்லத்தை விட்டு வெளியே வந்து ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். நான் வந்திருப்பது தெரிந்து ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்தாள். அழவில்லை, கோபமும் இல்லை. தேத்தண்ணியை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "வாறன் எண்டு சொன்னீங்கள் டீச்சர். எப்ப எண்டு சொல்லேல்லை. நாங்கள் ஒவ்வொரு லீவுக்கும் பாத்தம்."

இல்லத்துப் பிள்ளைகளிடம் அந்த வார்த்தையை வாய்ப்பழக்கத்தில் சொல்லக்கூடாது. அவர்களுக்கு அது தேதி போடாத சீட்டு. இந்தத் தடவை நான், "மழை முடிஞ்சு கப்பல் விட்டதும் கடுதாசி போடுவேன். வர முடியுமா, முடியாதா என்பது அதில் இருக்கும்" என்று மட்டும் சொன்னேன். சொல்ல நன்றாக இல்லைதான்.

*நம் மீனவர்கள் அங்கே பிடிபடுகிறார்கள். நீங்கள் அந்த ஊருக்குச் சேவை செய்யப் போகிறீர்களா?*
– ஒரு வாசகர், பாம்பன்

பிடிபடுவதும் படகு பறிபோவதும் எங்கள் தெருவிலேயே நடக்கிற கதை, எனக்குப் புதிதல்ல. ஆனால் அந்தச் சமையல்கார அக்காவின் புருஷனும் கடலுக்குப் போகிறவர், சின்னப் படகு. "உங்கட பக்கத்து றோலர் எங்கட வலையை அள்ளிக்கொண்டு போட்டுது" என்று சொல்லிக்கொண்டே என் தட்டில் இரண்டாவது மீன் துண்டை வைத்தார். றோலர் என்றால் நம் விசைப்படகுதான்; அது கடலடியை வாரி இழுக்கிற இழுவைமடிக்கு அங்கே 2017-லிருந்து சட்டப்படி தடை. நான் என்ன பதில் சொல்வது? தலையைக் குனிந்து சாப்பிட்டேன். நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள், எழுதுங்கள்.

*அங்கிருந்து ஒரு பெண்குழந்தையைத் தத்தெடுக்க முடியுமா? பிள்ளைகளின் போட்டோ ஏன் போடவில்லை?*
– ஒரு வாசகி, ராமநாதபுரம்

அந்த இல்லத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு மேல் அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள். வறுமையால் விட்டிருக்கிறார்கள், மாதம் ஒருமுறை வந்து பார்க்கிறார்கள். தத்தெடுக்க ஆசை என்றால் உங்கள் ஊர்க் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது, முதலில் அங்கே போய்க் கேளுங்கள். போட்டோ போடமாட்டேன். நம் ஊரில் 2015 சட்டமே, பராமரிப்பில் இருக்கிற பிள்ளையின் அடையாளத்தைப் பத்திரிகையில் வெளியிடக்கூடாது என்கிறது. கடல் தாண்டினால் மட்டும் பிள்ளை வேறா?

*திரும்பி வந்ததும் வீடு எப்படி இருந்தது?*
– ஒரு வாசகி, கீழக்கரை (வீட்டுக்காரர் துபாயில்)

உங்களுக்குத் தெரியாததா அம்மா. பஸ் பாம்பன் பாலம் ஏறும்போது ராத்திரி பத்தரை. காற்று அதே உப்புக் காற்று. வீட்டில் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தது, அதுதான் என்னவோ போல் இருந்தது. இரண்டு நாள் மெஷினில் உட்காரவே இல்லை. ஆர்டர்கள் தேங்கிக் கிடந்தன. "அங்கேயே இருந்திருக்க வேண்டியதுதானே" என்று வீட்டுக்காரர் ஒரு தடவை முணுமுணுத்தார், அப்புறம் அவரே டீ போட்டுக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் பையைக் காலி செய்தேன். அந்த 19 வயதுக்காரி தந்த பொட்டலம் அடியில் கிடந்தது. மாம்பழ மஞ்சளில் ஒரு ஜாக்கெட், எனக்குத் தைத்தது. 2018-ல் அளவெடுக்கப் பழக்கும்போது என்னைத்தான் நிற்கவைத்து அளந்தார்கள். அந்த நோட்டை வைத்திருந்திருக்கிறாள்: மார்பு 36. இப்போது நான் 39. போட்டுப் பார்த்தேன், கொக்கி எட்டவில்லை.

உள்ளே திருப்பிப் பார்த்தால், பக்கத் தையல் இரண்டிலும் ஓர் அங்குலம் துணி விட்டிருக்கிறாள். "பிள்ளைகளுக்குத் தைக்கும்போது உள்ளே துணி விடணும், வளருவாங்க" என்று நான் சொல்லிக்கொடுத்தது. அன்றைக்கு மத்தியானம் மெஷினைத் திறந்தேன். பிரித்துத் தைத்தாயிற்று. கை மட்டும் இன்னும் கொஞ்சம் பிடிக்கிறது.