பூட்டிக் கெடக்குற 911: பேட்டரி டவுன் ஆனா மொதல்ல எதைத் தொடக்கூடாது

கேள்வி: "அண்ணே, மதுரை அண்ணாநகர்ல இருந்து எழுதுறேன். 2014 மாடல் போர்ஷே 911 கரேரா, பிடிகேங்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், சென்னையில செகண்ட்ஹேண்டா வாங்குனது. சித்திரைத் திருவிழா முடிஞ்ச கையோட சிங்கப்பூர் போயிட்டு மூணு வாரம் கழிச்சு வந்தா வண்டி செத்துக் கெடக்கு. ரிமோட் வேலை செய்யல, கதவு தெறக்கல, பேட்டரி இருக்குற முன் மூடியும் தெறக்கல. தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் லாரி பேட்டரி கொண்டாந்து கொடுத்தா ஒரே அடியில ஸ்டார்ட் ஆயிரும், இல்லாட்டி தள்ளிப் பாப்போம்ங்கிறாரு. வண்டியில வெளிய வாங்கிப் போட்டது டேஷ்கேம் மட்டும்தான். என்ன பண்றது?"

தம்பி, மொதல்ல அந்த லாரி பேட்டரி வேண்டாம்னு போன் பண்ணி சொல்லிட்டு வாங்க, மத்ததை அப்புறம் படிக்கலாம். லாரி, பஸ்ஸுல பெரும்பாலும் ரெண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையா இணைச்சு 24 வோல்ட்டாதான் வச்சிருப்பாங்க, உங்க கார் மொத்தமும் 12 வோல்ட்டுக்கு செஞ்சது, 24 உள்ள போனா அதுல இருக்குற கம்ப்யூட்டர் போர்டு ஒண்ணு மாத்தி ஒண்ணா போகும். ஒத்த பேட்டரியில மட்டும் ஒயர் எடுத்துக்குறேன்னு அவரு சொல்லலாம், கணக்குப்படி அது 12 வோல்ட்தான், ஆனா இருட்டுன ஷெட்டுல கிளிப்பை ஒரு டெர்மினல் மாத்திப் போட்டா முடிஞ்சது கதை. பேட்டரி டவுன் ஆனது சின்ன வேலைதான் தம்பி, செலவு இழுக்குறது அவசரத்துல கொடுக்குற கரண்ட்டு, நான் பாத்தவரைக்கும் பெரிய பில் வந்த வண்டியெல்லாம் இப்படி வந்ததுதான்.

தள்ளுறதும் ஆகாது. பிடிகே கியர்பாக்ஸ் பார்க்ல லாக் ஆகி நிக்கும், கரண்ட் இல்லாம நியூட்ரலுக்கு வராது, ஹேண்ட்பிரேக்கும் உங்க மாடல்ல மோட்டார்ல புடிக்கிறது. நாலு பேர் சேந்து தள்ளுனா டயர் தேயும், பம்பர் ஒடையும், வண்டி நகராது.

இப்ப கதவுக்கு வருவோம். ரிமோட் சாவிக்குள்ளயே ஒரு சின்ன இரும்புச் சாவி செருகி இருக்கும், அதை உருவி டிரைவர் கதவு கைப்பிடிக்கிட்ட இருக்குற ஓட்டையில போட்டுத் தெறங்க, ரொம்ப நாள் தொடாத லாக் கொஞ்சம் இறுக்கமா இருக்கும், முறுக்கி ஒடைச்சுராதீங்க. தெறக்கும்போது ஒரு விஷயம் கவனிங்க, இந்தக் கதவுக்கு ஃபிரேம் கெடையாது, கண்ணாடியோட மேல் விளிம்பு நேரா கூரை ரப்பருக்குள்ள போய் உக்காந்திருக்கும், கரண்ட் இருந்தா கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி தானா ஒரு விரக்கடை கீழ எறங்கி வழி விடும், இப்ப எறங்காது. அதனால வெடுக்குன்னு இழுக்காம, ஒரு கை கண்ணாடி மேல வச்சு ரப்பர்ல இருந்து பக்குவமா விடுவிச்சு எடுங்க. தெறந்ததுக்கு அப்புறம் கரண்ட் வர்ற வரைக்கும் கதவை முழுசா சாத்தவே சாத்தாதீங்க, இடுக்குல ஒரு துண்டை சுருட்டி வச்சிருங்க. இது தெரியாம டப்புன்னு சாத்தி ரப்பரையும் கண்ணாடியையும் கெடுத்துக்கிட்டவங்க நெறைய பேரு.

அடுத்தது முன் மூடி. 911க்கு இன்ஜின் பின்னாடி, பேட்டரி முன்னாடி டிக்கிக்குள்ள, புது ஆள் வந்தா நேரா பின்பக்கம் போயி பேட்டரியைத் தேடுவாரு. அந்த முன் மூடி லாக்கும் கரண்ட்ல தெறக்குறது, பேட்டரியோ மூடிக்குள்ள, இதுக்குன்னே கம்பெனிக்காரன் ஒரு வழி வச்சிருக்கான். கால் வைக்கிற எடத்துல பக்கவாட்டுல ஃபியூஸ் பாக்ஸ் கவர் இருக்கும், எந்தப் பக்கம்னு உங்க வண்டி மேனுவல்ல படம் போட்டே இருக்கும். கவரைக் கழட்டுனா உள்ள ஒரு செவப்பு டெர்மினல், அதை வெளிய இழுத்தா நீண்டு வரும், இழுக்குறதுக்கு ஃபியூஸ் புடுங்குற பிளாஸ்டிக் இடுக்கி அங்கயே மாட்டி வச்சிருப்பாங்க. வெளிய இருந்து கொண்டாந்த 12 வோல்ட் பேட்டரியோட பாசிட்டிவ் கிளிப்பை அந்த செவப்புல புடிங்க, நெகட்டிவ்வை கதவு லாக் வந்து மாட்டுற இரும்பு வளையத்துல புடிங்க, பெயிண்ட் மேல புடிச்சா எர்த் கெடைக்காது. கரண்ட் உள்ள போனதும் அலாரம் அலறும், பயப்பட வேண்டாம், ரிமோட்ல அன்லாக் அமுக்குனா அடங்கிரும், அப்புறம் உள்ள இருக்குற சுவிட்ச்சைப் போட்டா முன் மூடி டக்குன்னு விட்டுக்கும்.

அந்த செவப்பு டெர்மினல் மூடி தெறக்க மட்டும்தான், அதோட ஒயர் மெல்லிசு, அது வழியா இன்ஜினை ஸ்டார்ட் பண்ணப் பாத்தா ஒயர் சூடாகி ஃபியூஸ் பாக்ஸே உருகலாம். மூடி தெறக்க பெரிய பேட்டரி தேவையில்ல, நல்ல சார்ஜ்ல இருக்குற பைக் பேட்டரி போதும். கைக்கு அடக்கமா விக்கிற ஜம்ப் ஸ்டார்ட்டர்ல சிலது எதிர்ப்பக்கம் வோல்ட்டேஜே இல்லைன்னா கரண்ட் விடாது, அதுல பூஸ்ட்னு ஒரு பட்டன் இருந்தா அதை அமுக்கணும், அப்ப பாசிட்டிவ் நெகட்டிவ் மாறிப்போச்சான்னு அந்த மிஷின் பாக்காது, நீங்கதான் ரெண்டு தடவை பாக்கணும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை தூக்கிட்டு வரலாமான்னு இன்னொரு யோசனை நம்மூர்ல அடிக்கடி வரும். ஒத்த பேட்டரி இன்வெர்ட்டர்னா அதுவும் 12 வோல்ட்தான், ஆனா அதைத் தூக்க ரெண்டு ஆள் வேணும், ஆசிட் தளும்பும், போதாததுக்கு டியூபுலர் பேட்டரி மெதுவா நெடுநேரம் கரண்ட் கொடுக்க செஞ்சது, செல்ஃப் மோட்டார் கேக்குற மாதிரி ஒரே அடியில கொடுக்க செஞ்சது இல்ல. விட்டுருங்க.

மூடி தெறந்தாச்சா, இனிமே வேலை முடியிற வரைக்கும் அதை மூடவே கூடாது, லாக் மேலயே ஒரு துணியைக் கட்டி வச்சிருங்க, பேட்டரியைக் கழட்டிட்டு மறந்து மூடுனா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். பேட்டரி மேல இருக்குற பிளாஸ்டிக் கவரை எடுத்துட்டு மீட்டர் வச்சு வோல்ட்டேஜ் பாருங்க. முழு சார்ஜ்ல 12.7, 12.8 இருக்கணும், 12.2னா பாதி காலி, 12க்குக் கீழன்னா கிட்டத்தட்ட தீந்தாச்சு, 10.5க்கும் கீழ போயி நம்ம மே மாச வெயில்ல தகர ஷெட்டுக்குள்ள பல நாள் கெடந்திருந்தா உள்ள தகட்டுல சல்பேட் படிஞ்சு கெட்டியாகியிருக்கும், அந்த பேட்டரி பொழைக்கிறது சந்தேகம்தான்.

பக்கத்து வீட்டு இன்னோவால இருந்து ஜம்பர் கேபிள் போட்டு ஸ்டார்ட் பண்ணிட்டு அழகர்கோயில் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தா ஏறிராதான்னு நீங்க கேக்குறதுக்குள்ள சொல்லிர்றேன், ஏறாது. இன்ஜின் ஓடும்போது கரண்ட் கொடுக்குற ஆல்டர்னேட்டர் இருக்குறது அப்பப்ப செலவாகுறதை நெரப்ப, அடியோட காலியான பேட்டரியை அது தலையில கட்டுனா அதுவும் சூடாகும், வோல்ட்டேஜ் ஏறி எறங்கி டேஷ்போர்டு பூரா எச்சரிக்கை விளக்கு எரியும், முழுசா ஏற மணிக்கணக்குல ஓட்டணும். ஆஸ்பத்திரி போற மாதிரி அவசரம்னா ஜம்ப் பண்ணுங்க, பாசிட்டிவ்வுக்கு பாசிட்டிவ், நெகட்டிவ் மட்டும் கடைசியா உங்க வண்டியோட எர்த் போல்ட்டுல, கழட்டும்போது இதையே தலைகீழா. மத்தபடி ஸ்மார்ட் சார்ஜர் ஒண்ணு வாங்கி ராத்திரி பூரா போடுங்க. ஏஜிஎம் (ஆசிட் தளும்பாத, மூடுன வகை பேட்டரி) மோடு இருக்கணும், 5ல இருந்து 10 ஆம்பியர் போதும், 14.4ல இருந்து 14.8 வோல்ட்டுக்கு மேல போகக்கூடாது, ரிப்பேர் மோடுன்னு சிலதுல இருக்கும், அது 15 வோல்ட்டையும் தாண்டும், பேட்டரி வண்டியில இருக்கும்போது அதைத் தொடாதீங்க. பேட்டரி கடையில இருக்குற பெரிய பூஸ்ட் சார்ஜரும் இதே கதைதான், அங்க போடுறதா இருந்தா பேட்டரியைக் கழட்டி தனியா கொண்டு போங்க. ஷெட் கதவைத் தெறந்து வச்சே போடுங்க, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். முந்துன ஓனர் எடை குறையட்டும்னு லித்தியம் பேட்டரி போட்டிருந்தா சாதாரண சார்ஜர் போடவே கூடாது, அதுக்குன்னு உள்ளதுதான், அதனால ஸ்டிக்கரை படிச்சுட்டு ஆரம்பிங்க.

சரி, ஏன் செத்துச்சு? இங்கதான் உங்க கடிதத்துல ஒரு வரி எனக்கு உறுத்துது. பூட்டி நிறுத்துன நல்ல வண்டி 50 மில்லி ஆம்பியருக்குள்ளதான் இழுக்கணும், அப்படின்னா ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர், மூணு வாரத்துக்கு 25 சொச்சம். 80 ஆம்பியர் ஹவர் பேட்டரி நல்லா இருந்திருந்தா அதுல பாதிக்கு மேல மிச்சம் இருக்கணும், மூணு வாரத்துல அடியோட போயிருக்கக் கூடாது. டேஷ்கேம் பார்க்கிங் மோடுல, அதாவது வண்டி நிக்கும்போதும் படம் புடிக்கிற மாதிரி, ஓடுச்சுன்னா அது மட்டுமே 250 மில்லி ஆம்பியர் இழுக்கலாம், நாளைக்கு 6 ஆம்பியர் ஹவர், 80ஐ ரெண்டு வாரத்துக்குள்ள முடிச்சுரும். எனக்கு மொத சந்தேகம் அது மேலதான். எந்த ஃபியூஸ்ல இருந்து ஒயர் எடுத்திருக்காங்கன்னு பாருங்க, சாவி ஆஃப் பண்ணா கட் ஆகுற லைனுக்கு மாத்தச் சொல்லுங்க. செகண்ட்ஹேண்ட் வண்டிங்கிறதால பழைய ஓனர் எங்கயாவது ஜிபிஎஸ் டிராக்கர் ஒளிச்சு வச்சிருக்காரான்னும் தேடிப் பாருங்க. சாவி பாக்கெட்டுல இருந்தாலே தெறக்குற கீலெஸ் வண்டியா இருந்தா சாவியை ஷெட் சுவத்து ஆணியில மாட்டி வைக்காதீங்க, சாவி பக்கத்துலயே இருந்தா சில வண்டி தூங்காம முழிச்சுக்கிட்டே இருக்கும்.

சந்தேகம் தீரணும்னா ஒயரைச் சுத்திப் புடிச்சு கரண்ட் அளக்குற கிளாம்ப் மீட்டர் வச்சிருக்குற ஆட்டோ எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்க. முன் மூடி லாக்கை ஸ்க்ரூடிரைவரால மூடுன மாதிரி திருப்பி விட்டுட்டு, வண்டியைப் பூட்டி ஒரு மணி நேரம் கழிச்சு நெகட்டிவ் கேபிள்ல அளந்தாதான் கணக்கு சரியா வரும், பூட்டுன உடனே அளந்தா கம்ப்யூட்டரெல்லாம் இன்னும் முழிச்சிருக்கும், இல்லாத கோளாறை இருக்குறதா காட்டும். அளந்து முடிச்சதும் மறக்காம ரிமோட்ல அன்லாக் அமுக்கி சுவிட்ச்சால லாக்கை விடுவிச்சிட்டுதான் மூடியை மூடணும்.

சார்ஜ் ஏத்தி சார்ஜரைக் கழட்டிட்டு அரை நாள் சும்மா விட்டு மறுபடி அளங்க. 12.7க்குக் கீழ எறங்காம நின்னா லோடு டெஸ்ட் பண்ணிட்டு ஓட்டலாம், 12.4க்கு வந்துருச்சுன்னா புதுசுதான். புதுசுக்கு சென்னை, கொச்சின்னு போகணும்னு இல்ல. இந்த சைஸ் டின் (DIN, ஜெர்மன் அளவு) ஏஜிஎம் பேட்டரி பிஎம்டபிள்யூ, ஆடி, பென்ஸ் எல்லாத்துக்கும் போடுறதுதான், மதுரையில பெரிய பேட்டரி கடையில ஸ்டாக் இல்லாட்டி ஆர்டர் போட்டு வரவச்சுத் தருவாங்க. பழைய ஸ்டிக்கர்ல இருக்குற ஆம்பியர் ஹவர், சிசிஏ (குளிர்லயும் ஸ்டார்ட் பண்ண கொடுக்குற கரண்ட்) ரெண்டும் குறையக்கூடாது, தயாரிச்ச மாசம் பாத்து வாங்குங்க, விலை கம்மின்னு ஆசிட் ஊத்துற சாதா பேட்டரி வேண்டவே வேண்டாம். பேட்டரி டிக்கிக்குள்ள இருக்குறதால வாயு வெளிய போக பக்கத்துல ஒரு சின்ன காத்து டியூப் மாட்டியிருக்கும், கடைக்காரர் அவசரத்துல அதை மாட்டாம விட்டுருவாரு, பக்கத்துல நின்னு மாட்ட வைங்க.

கரண்ட் வந்ததும் கண்ணாடி தானா ஏறி எறங்காது, சுவிட்ச்சை மேல் நோக்கி கண்ணாடி முழுசா ஏறுற வரைக்கும் புடிச்சு, விட்டுட்டு மறுபடி ஒருதரம் புடிங்க. பிஎஸ்எம் (வண்டி சறுக்காம பாத்துக்குற சிஸ்டம்) விளக்கு எரிஞ்சா ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி கொஞ்ச தூரம் ஓட்டுனா பெரும்பாலும் அணைஞ்சுரும், அணையலேன்னா ஸ்கேன் பண்ணணும்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பேட்டரியை எறங்க விடாம மெதுவா நெரப்பிக்கிட்டே இருக்குற மெயின்டெய்னர் சார்ஜரை மாட்டிட்டுப் போயிருங்க, இந்த மாதிரி வண்டிக்கு அது அவசியம், ஆடம்பரம் இல்ல. கரண்ட் கட் ஆகி திரும்ப வந்தா தானா தொடங்குற மாடலா பாருங்க, நம்மூர்ல மாசாந்திர மெயின்டெனன்ஸ்னு பகல் பூரா கரண்ட் இருக்காது, சிலது அதோட நின்னுரும். வீட்டுல தம்பியை விட்டு வாரத்துக்கு ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓடவிடச் சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன், ஐடில்ல ஆல்டர்னேட்டர் கொடுக்குறதை ஏசியும் ரேடியேட்டர் ஃபேனுமே தின்னுரும், இன்ஜின் ஆயிலும் சரியா சூடாகாது. ஓட்டத் தெரிஞ்ச ஆள் இருந்தா நத்தம் பாலம் ஏறி அந்தப் பக்கம் ஒரு முக்கா மணி நேரம் ஓட்டிட்டு வரட்டும்.

இவ்வளவு பண்ணியும் முன் மூடி தெறக்கலேன்னா வண்டிக்கு அடியில கம்பி விட்டு நெம்ப யாரையும் விடாதீங்க. இன்சூரன்ஸ்ல ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருக்கான்னு பாருங்க, ரிக்கவரி வண்டி கூப்பிட்டா நாலு சக்கரமும் மேல ஏறுற பிளாட்பெட்தான் வேணும்னு போன்லயே சொல்லிருங்க, வண்டி பார்க்ல லாக் ஆகி இருக்கு, சக்கரத்துக்கு அடியில வைக்க ஸ்கேட் (உருட்டுற தட்டு) கொண்டு வாங்கன்னும் சேத்து சொல்லுங்க.