முன்மொழிவில் வாசகர் எங்கே?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் திருகோணமலை பாலையூற்றில் இருக்கிறேன். மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவள். பல வருடங்களாக உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரோடு, நிலாவெளியிலிருந்து கிண்ணியா, மூதூர் வரைக்கும் இருந்து பேசியதை வைத்து, துக்கத்தையும் புலம்பல் சங்கீதங்களையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறேன். ஒரு லட்சத்து முப்பதாயிரம் சொற்கள் வந்துவிட்டன.

அமெரிக்காவில் கிறிஸ்தவ நூல்களைக் கையாளும் இலக்கிய முகவர்கள் சிலருக்கு, பதிப்பகமொன்றுக்கு விற்றுத் தரும்படி, புத்தகத்தை விளக்கும் முன்மொழிவு அனுப்பினேன். ஒருவர் மட்டும் பதில் போட்டார்: "எழுத்து பிடித்திருக்கிறது, ஆனால் இது யாருக்கான புத்தகம் என்று எனக்கு விளங்கவில்லை." இதற்கிடையில் வேறொரு வெளிநாட்டு நிறுவனம் உடனே வெளியிடுகிறோம், 3,500 டொலர் கட்டுங்கள் என்கிறது. சபையில் சிலர் அது ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்கிறார்கள்.

நீங்கள் இப்படியான பிரதிகளைச் செப்பனிட்டுக் கொடுக்கிறவர் என்பதால் கேட்கிறேன். இந்த முகவர்கள் என்னதான் தேடுகிறார்கள்? பேஸ்புக்கில் என்னைத் தொடர்பவர்கள் 400 பேர்கூட இல்லை, அதுதான் காரணமா? திருகோணமலையை அங்கே யாருக்குத் தெரியும்? ஊரைக் குறைத்துவிட்டுப் பொதுவாக எழுதட்டுமா? முன்மொழிவை இணைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

முன்மொழிவையும் அதோடு இருந்த அத்தியாயங்களையும் வாசித்துவிட்டேன். முதலில் அந்த 3,500 டொலரைப் பேசி முடித்துவிடுவோம். கட்டாதீர்கள்.

எழுத்தாளரிடம் காசு வாங்கிப் புத்தகம் போடுகிற நிறுவனத்துக்கு வருமானம் உங்களிடமிருந்தே வந்துவிடுகிறது. புத்தகம் நல்லதா, ஒருவராவது வாங்குவாரா என்று பார்க்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. முகவரின் நிலை இதற்கு நேர்மாறு. உங்கள் புத்தகத்தை ஒரு பதிப்பகத்துக்கு விற்றுக் கொடுத்தால்தான் அவருக்குச் சம்பளம். அமெரிக்காவில் முகவருக்கு வழமையான கழிவு (கமிஷன்) 15 வீதம். பதிப்பகம் 5,000 டொலர் முற்பணம் தந்தால் முகவருக்கு 750, உங்களுக்கு 4,250. வாசிப்பதற்குக் கட்டணம், பதிவுக்குக் கட்டணம் என்று முன்கூட்டியே கேட்பவரிடம் பிரதியைக் கொடுக்காதீர்கள். நீங்களே காசு போட்டு இங்கே ஓர் அச்சகத்தில் 300 பிரதி அடித்துச் சபைகளுக்குக் கொடுப்பது வேறு விஷயம், அது மரியாதையான காரியம். ஆனால் உங்கள் நம்பிக்கையைக் காட்டி உங்களைக் கடனாளியாக்கும் ஒன்றை ஜெபத்தின் பதில் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. அந்தத் தொகை உங்கள் சம்பளத்தில் எத்தனை மாதம் என்று எனக்குத் தெரியும்.

சரி, முன்மொழிவுக்கு வருவோம்.

அதன் முதல் நாலு பக்கமும் கர்த்தர் இந்தப் புத்தகத்தை எழுத உங்களை எப்படி அழைத்தார் என்று சொல்கின்றன. நான் அதை நம்புகிறேன். முகவரும் நம்பக்கூடும், கிறிஸ்தவ நூல்களைக் கையாளும் முகவர்களில் பெரும்பாலோர் விசுவாசிகள்தான். ஆனால் அவருக்கு வருகிற கடிதங்களில் ஏராளமானவை "கர்த்தர் என்னை எழுதச் சொன்னார்" என்றுதான் தொடங்குகின்றன. அதை வாசித்துவிட்டு அவரால் எந்த முடிவுக்கும் வர முடியாது. மறுத்தால் கர்த்தரை மறுத்ததுபோல ஒரு சங்கடம் வேறு. அழைப்பைப் பற்றி உங்களைப் பற்றிய குறிப்பில் இரண்டு வரி போதும்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் புரொப்போசல் எழுதாத ஆளே இல்லை. நீங்களும் என்.ஜி.ஓ.க்களுக்கு எழுதியிருப்பீர்கள். அதில் பயனாளிகள் என்றொரு பகுதி வரும்: எந்தக் கிராமம், எத்தனை குடும்பம், அதில் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் எத்தனை, அவர்களுக்கு இப்போது என்ன இல்லை. அந்தப் பகுதியை வெறுமையாக விட்டு ஒரு நிறுவனத்துக்காவது அனுப்பியிருப்பீர்களா? புத்தக முன்மொழிவில் அந்த இடத்தில் "உலகிலுள்ள எல்லாக் கிறிஸ்தவர்களும்" என்று எழுதியிருக்கிறீர்கள். வெறுமையாக விட்டதும் அதுவும் ஒன்றுதான். உங்களுக்குப் பதில் போட்ட அந்த முகவர் இதைத்தான் சொன்னார். பதில் போடாமலே விட்டிருக்கலாம், ஆனால் எழுத்து பிடித்ததால் மினக்கெட்டுச் சொல்லியிருக்கிறார்.

இத்தனைக்கும் உங்கள் வாசகர்கள் அத்தியாயங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். பிள்ளையை அடக்கம் செய்து ஆறு மாதம் கழித்து, "இன்னும் ஏன் அழுகிறாய், உனக்கு விசுவாசம் இல்லையா" என்று சபையில் கேட்கப்பட்ட தாய் நிலாவெளியில் மட்டுமா இருக்கிறாள்? அமெரிக்காவின் ஒஹாயோவிலும் இருப்பாள். இறுதி ஆராதனையில் என்ன பிரசங்கிப்பது என்று தெரியாமல் முதல்நாள் இரவு முழித்திருக்கும் இளம் போதகர் இருக்கிறார். அமெரிக்கச் சபைகள் பலவற்றில் துக்கத்தில் இருப்பவர்களுக்கான ஆதரவுக் குழுக்கள் நடக்கின்றன; அவற்றை நடத்துகிறவர்கள் வாராவாரம் பேச ஒரு நூலைத் தேடுகிறவர்கள். இந்த மூவரையும் பெயர் சொல்லுமளவுக்கு அடையாளமாக எழுதுங்கள். அவர்களுக்கு இப்போது எது வலிக்கிறது, உங்கள் புத்தகத்தை மூடிவைக்கும்போது அவர்கள் கையில் என்ன இருக்கும் என்பதை எழுதுங்கள்.

முகவர் இதைக் கேட்பதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. அவர் உங்கள் முன்மொழிவை ஒரு பதிப்பாசிரியருக்கு அனுப்புவார். பிடித்தால் பதிப்பாசிரியர் அதைத் தன் பதிப்பகக் குழுவுக்குக் கொண்டுபோவார். அந்த மேசையில் விற்பனைக்காரர், விளம்பரக்காரர், கணக்குப் பார்க்கிறவர் எல்லோரும் இருப்பார்கள். உங்கள் அத்தியாயங்களை முழுதாக வாசித்தவர் அங்கே ஒருவரோ இருவரோதான். நீங்கள் அங்கே இல்லை, பேச முடியாது. உங்களுக்காகப் பேசுகிறவர் உங்கள் முதல் பந்தியைத்தான் திருப்பிச் சொல்லப்போகிறார். அந்தப் பந்தியை வேறொருவர் வாய்க்குப் பொருந்தும்படி எழுதிக்கொடுக்க வேண்டியது உங்கள் வேலை.

"இதைப்போல் வேறு புத்தகமே இல்லை" என்ற வரியை எடுத்துவிடுங்கள். துக்கத்தைப் பற்றிய கிறிஸ்தவ நூல்கள் ஏராளம். அந்த வரியைப் பார்த்தால் நீங்கள் தேடிப் பார்க்கவில்லை என்றுதான் அவர் நினைப்பார். கடந்த ஐந்து வருடத்துக்குள் வந்த நாலைந்து நூல்களை எடுத்து, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது, எந்த இடத்தில் நிற்கிறது, அங்கிருந்து உங்களுடையது எங்கே போகிறது என்று மரியாதையாக எழுதுங்கள். பல லட்சம் விற்ற ஒன்றோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள், அதையும் நீக்குங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன், உங்கள் மூன்றாம் அத்தியாயம். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் போனவள் தப்பினாள், காய்ச்சலென்று வீட்டில் விட்டுப் போன பிள்ளை போனது. அந்தத் தாய் இன்றுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு வருவதில்லை, புதன்கிழமைகளில் வந்து வெறும் வாங்கில் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். அவளோடு சேர்ந்து 77ஆம் சங்கீதத்தை வாசிக்கிறீர்கள். கடவுளின் வழி கடலுக்குள் போகிறது, அவருடைய காலடிகள் தெரியவில்லை என்று அதில் வருமே, அந்த வரியில் அவள் நிறுத்தச் சொல்கிறாள். நீங்கள் விளக்கம் சொல்லாமல் நிறுத்துகிறீர்கள். அந்தப் பக்கங்களை வாசித்துவிட்டு என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. முகவர் தேடுவது இதைத்தான்: வேறு யாராலும் எழுதியிருக்க முடியாத ஒரு பக்கம். அதை மூன்றாவதாக ஒளித்து வைத்திருக்கிறீர்கள். மாதிரி அத்தியாயமாக முதலில் வையுங்கள்.

இரண்டாம் அத்தியாயத்தில் அந்தத் துணிவு இல்லை. ஒரு தகப்பனின் அழுகையை அரைப் பக்கத்தில் சொல்லிவிட்டு, அடுத்த அரைப் பக்கத்தில் ஆறுதல் வசனங்களை அடுக்கிவிட்டீர்கள். 88ஆம் சங்கீதத்தை இன்னொருமுறை வாசியுங்கள். அது இருளிலேயே முடிகிறது, கடைசியில் ஸ்தோத்திரம் வரவில்லை. வேதாகமம் அதைத் திருத்தாமல் விட்டிருக்கும்போது நாங்கள் ஏன் அவசரப்பட வேண்டும்?

அதனால் ஊரைக் குறைக்கவே வேண்டாம். துறைமுகம், கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று என்று ஊரை அறிமுகம் செய்யும், புத்தகத்தின் முதல் எட்டுப் பக்கங்களை மட்டும் வெட்டுங்கள், அவை சுற்றுலாக் கைநூலுக்குரியவை. ஆட்களும் கடலும் வரட்டும். தெல்லிப்பழையில் பிறந்த மெதடிஸ்தப் போதகர் டி. டி. நைல்ஸ் 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தொடக்கக் கூட்டத்தில் பேசினார். எங்கள் காலத்தில் இலங்கை எழுத்தாளர் அஜித் பெர்னாண்டோவின் நூல்களை சொண்டர்வன், கிராஸ்வே போன்ற அமெரிக்கப் பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன. இன்னொரு இலங்கையரான வினோத் ராமச்சந்திராவின் நூல்களை இன்டர்வார்சிட்டி பதிப்பகம் போட்டிருக்கிறது. இவர்கள் இந்தத் தீவைத் துடைத்துவிட்டு எழுதியவர்கள் அல்ல.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கிண்ணியாத் தாயின் கதை. அவர் முஸ்லிம், உங்களை நம்பி வாய்திறந்தவர். பெயரை மாற்றியிருக்கிறீர்கள், ஆனால் ஊர், தொழில், இழந்த பிள்ளைகளின் வயது எல்லாம் அப்படியே இருக்கின்றன. எங்கள் ஊரில் அதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போதும். ஒவ்வொருவரிடமும் போய், எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டி, சம்மதம் வாங்குங்கள். பதிப்பகமும் பின்னால் எழுத்தில் கேட்கும், ஆனால் அதற்காக மட்டும் செய்யாதீர்கள். இன்னொன்று: அந்தத் தாயோ மூதூரின் இந்துத் தாயோ கடைசியில் மனந்திரும்பியதாக முடித்தால் நன்றாக இருக்கும் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். நடக்காததை எழுத வேண்டாம். அவர்களுடைய துக்கம் எங்கள் சாட்சிக்கான பொருள் அல்ல.

பேஸ்புக் எண்ணிக்கை கொஞ்சம் முக்கியம்தான், மறைக்கவில்லை. ஆனால் முகவர் பார்ப்பது, உங்கள் பேச்சைக் கேட்க ஏற்கெனவே யார் இருக்கிறார்கள் என்பதை. நீங்கள் பயிற்சி கொடுத்த உளவளத்துணையாளர்கள், பேச அழைத்த சபைகள், ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள தமிழ்ச் சபைகளின் தொடர்புகள், இவையெல்லாம் சேரும். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஆங்கிலக் கிறிஸ்தவ இதழ்களுக்கு அந்த மூன்றாம் அத்தியாயத்திலிருந்து ஒரு கட்டுரை அனுப்பிப் பாருங்கள், வெளிவந்தால் அதுவே பெரிய பலம். முன்னுரை தருவதாகப் பேராயரின் பெயரைப் போட்டிருக்கிறீர்கள், அவர் சம்மதித்திருந்தால் மட்டும் இருக்கட்டும்.

அப்புறம் நீளம். இப்படியான நூல்கள் பெரும்பாலும் நாற்பதாயிரம் முதல் அறுபதாயிரம் சொற்களுக்குள் வருகின்றன. பாதிக்கு மேல் குறைக்க வேண்டும். கதையல்லாத நூல் என்பதால் முழுப் பிரதியையும் குறைத்து முடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை, அத்தியாயச் சுருக்கமும் இரண்டு மூன்று மாதிரி அத்தியாயங்களும் போதும். நாவலென்றால்தான் முழுவதும் கேட்பார்கள். வேத வசனங்களை என்ஐவி (NIV) என்ற ஆங்கில வேதாகம மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். எழுத்துமூல அனுமதி இல்லாமல் 500 வசனங்கள் வரை எடுக்கலாம், ஆனால் அவை வேதாகமத்தின் ஒரு முழுப் புத்தகமாகவோ உங்கள் நூலில் கால் பங்காகவோ ஆகிவிடக் கூடாது. சங்கீதங்களை முழுதாக இறக்கியிருக்கும் இடங்களில் கணக்குப் பாருங்கள்.

ஒவ்வொரு முகவரும் எப்படி அனுப்ப வேண்டும், எந்த வகை நூல்களை எடுப்பார் என்று தன் தளத்தில் எழுதி வைத்திருப்பார். நீங்கள் அனுப்பியவர்களில் ஒருவர் நாவல்களை மட்டும் கையாள்கிறவர், அவர் பதில் போடாததில் வருத்தப்பட ஒன்றுமில்லை. முகவர் வழி சரிவராவிட்டால் லாங்ஹம் பதிப்பகத்தைப் பாருங்கள். ஆங்கிலேயப் போதகர் ஜோன் ஸ்டொட் தொடங்கிய அமைப்பின் பகுதி அது. ஆசியா, ஆபிரிக்கா, லத்தீன் அமெரிக்கா எழுத்தாளர்களை மனதில் வைத்து நடப்பது.

எந்த வழியில் ஒப்பந்தம் வந்தாலும், கையெழுத்துப் போடுமுன் தமிழ் உரிமையைப் பற்றிக் கேளுங்கள். வழமையாக மொழிபெயர்ப்பு உரிமைகள் எல்லாவற்றையும் பதிப்பகமே எடுத்துக்கொள்ளப் பார்க்கும். தமிழை மட்டும் உங்களிடமே விடச் சொல்லிப் பேசலாம், முகவர் இருந்தால் அது அவர் பேச வேண்டிய பேச்சு. நீங்கள் எழுதியிருக்கும் தாய்மாரில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. திருத்திய முதல் பந்தியையும் வாசகர் பகுதியையும் எனக்கு அனுப்புங்கள், முகவருக்குப் போகுமுன் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா