ஆப்இமேஜ் திறக்கவில்லையா? காவலை நிறுத்த வேண்டாம்

கேள்வி: உபுண்டு 24.04 லினக்ஸுக்கு மாறியதிலிருந்து, ஆப்இமேஜாக (நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பு) இறக்கி வைத்திருக்கும் குறிப்பேட்டுச் செயலி திறக்கவே மாட்டேன் என்கிறது. டெர்மினலில் ஓட்டிப் பார்த்தால் சேண்ட்பாக்ஸ் பற்றி ஏதோ பிழை வருகிறது. ‘நோ சேண்ட்பாக்ஸ்’ சேர்த்து ஓட்டச் சொல்கிறார் ஒரு நண்பர். ஆப்ஆர்மர் (நிரல்களைக் கட்டுப்படுத்தும் உபுண்டுவின் காவல்) தடையையே பூஜ்யமாக்கிவிடச் சொல்கிறார் இன்னொருவர். எதைச் செய்யலாம்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டுமே வேண்டாம். உங்கள் செயலி எலக்ட்ரான் வகை என்று தெரிகிறது. அதன் உள்ளே இருப்பது குரோமியம் உலாவிதான். வெளியிலிருந்து வரும் பக்கங்களைத் தனியே அடைத்து வைக்க (இதுதான் சேண்ட்பாக்ஸ்) அது கெர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையத்திடம், ‘யூசர் நேம்ஸ்பேஸ்’ என்ற தனியறை வசதியைக் கேட்கும். அதே வசதியைப் பிடித்துக்கொண்டு சாதாரணப் பயனர் கணக்கிலிருந்தே கெர்னல் ஓட்டைகளைத் தொட முடிந்ததால், 24.04-இல் ஒரு கட்டுப்பாடு வந்தது. ஆப்ஆர்மர் புரொஃபைலில் (ஒரு நிரலுக்கான விதிக் கோப்பு) அனுமதி எழுதியிருக்கும் நிரலுக்குத்தான் அந்த வசதி முழுதாகக் கிடைக்கும். குரோம், பிரேவ் போன்றவற்றுக்கு உபுண்டுவே எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் இறக்கிய ஆப்இமேஜுக்கு யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

முதல் நண்பர் சொன்னபடி செய்தால் அந்தச் செயலியின் தடுப்பு போய்விடும். இரண்டாமவர் சொன்னது இன்னும் மோசம். கணினியில் ஓடும் எல்லா நிரல்களுக்கும் சேர்த்துக் கதவு திறந்துவிடும். ஒரு அறையின் சாவி கிடைக்கவில்லை என்று வாசற்கதவைக் கழற்றி வைப்பதுபோல்தான் அது.

சரி, வழி என்ன? முதலில் ஆப்இமேஜை வீட்டு அடைவிலிருந்து எடுத்து, /ஆப்ட் அடைவுக்குள் ஒரு தனி அடைவில் வையுங்கள். கோப்பின் உரிமை ரூட்டுக்கு (நிர்வாகிக் கணக்கு) இருக்கட்டும்; மற்றவர்களுக்குப் படிக்கவும் இயக்கவும் மட்டும் அனுமதி இருக்கட்டும். இதைப் பலர் செய்வதில்லை; எனக்கோ இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆப்ஆர்மர் ஆளைப் பார்ப்பதில்லை, கோப்பின் பாதையைப் பார்க்கிறது. டவுன்லோட்ஸில் இருக்கும் கோப்புக்கு அனுமதி எழுதினால், உங்கள் கணக்கில் ஓடும் எந்த நிரலும் அந்தப் பெயரில் வேறொரு கோப்பைப் போட்டு அனுமதியைத் தட்டிக்கொண்டு போகலாம். பாதை மாறாமலிருக்க, கோப்பின் பெயரிலிருந்து பதிப்பு எண்ணையும் எடுத்துவிடுங்கள். புதுப் பதிப்பு வரும்போது நீங்களே மாற்றி வைக்க வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் /ஈடிசி/ஆப்ஆர்மர்.டி அடைவைத் திறந்தால் ‘குரோம்’ என்றே ஒரு கோப்பு இருக்கும். அதை உங்கள் செயலியின் பெயரில் நகலெடுங்கள். நகலில் ‘புரொஃபைல்’ என்று தொடங்கும் வரியில் குரோம் என்ற பெயருக்குப் பதில் உங்கள் செயலியின் பெயர், அடுத்துள்ள பாதைக்குப் பதில் நீங்கள் /ஆப்ட்டில் வைத்த கோப்பின் முழுப் பாதை. கடைசியில் ‘லோக்கல்’ என்று வரும் வரியிலும் பெயரை மாற்றுங்கள். நடுவில் ‘யூசர்என்எஸ்’ என்று ஒரு வரி, முடிவில் காற்புள்ளியோடு இருக்கும். அதுதான் அனுமதி, அதைத் தொடாதீர்கள். விதி ஒவ்வொன்றின் முடிவிலும் காற்புள்ளி வேண்டும். அது விட்டுப்போனால் புரொஃபைல் ஏறாது.

சேமித்துவிட்டு ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீலோட் ஆப்ஆர்மர்’ கொடுத்துச் செயலியைத் திறந்து பாருங்கள். பிழைச் செய்தியில் ‘ஃபியூஸ்’ என்று வந்தால் மட்டும் கதை வேறு. அதற்கு லிப்ஃபியூஸ் 2 தொகுப்பை நிறுவ வேண்டும்.

இதே கும்பகோண வாசகரின் கோப்பு, செயலிக்கு எந்தக் கட்டுப்பாடும் விதிப்பதில்லை, ஒரு அனுமதியை மட்டும் தருகிறது. கட்டுப்படுத்தவே விரும்புகிற ஒருவரின் கேள்வி அடுத்தது.

கேள்வி: ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். யார் யாரோ கொண்டுவரும் பிடிஎஃப்களை உபுண்டுவின் எவின்ஸில் திறந்து பிரிண்ட் எடுக்கிறேன். வாடிக்கையாளர்களின் ஆதார் ஸ்கேன்கள் ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. எவின்ஸ் அதைத் தொடாமல் செய்ய முடியுமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: முடியும். அடுத்தவர் ஆவணத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறீர்களே, எல்லாக் கடைக்காரர்களும் இப்படி இருக்க வேண்டும். எவின்ஸுக்கு ஏற்கெனவே புரொஃபைல் உண்டு. அந்த மூலக் கோப்பைத் திருத்தாதீர்கள். பிறகு அப்டேட் வரும்போது எதை வைத்துக்கொள்வது என்று கேட்டு நிற்கும். ஆப்ஆர்மர்.டிக்குள் ‘லோக்கல்’ என்ற அடைவில் அதே பெயரில் ஒரு கோப்பு இருக்கும், அதில் ஒரே ஒரு வரி போதும்: ‘ஆடிட் டினை’, பின் ஃபோல்டரின் பாதை, அதன் முடிவில் சாய்கோடும் இரண்டு நட்சத்திரக் குறிகளும், இடைவெளி விட்டு ‘ஆர்டபிள்யூ’ (இரண்டு எழுத்தும் சேர்த்தே), கடைசியில் காற்புள்ளி. ஒரு நட்சத்திரம் போட்டால் மேல் அடுக்குக் கோப்புகள் மட்டும்தான் அடங்கும், உள் ஃபோல்டர்கள் தப்பிவிடும்.

வேறெங்கே அனுமதி இருந்தாலும் ‘டினை’தான் வெல்லும். வெறும் ‘டினை’ எழுதினால் தடுத்தது பதிவாகாது. ‘ஆடிட்’ சேர்த்தால், ஏதாவது பிடிஎஃப் அந்தப் பக்கம் கைவைக்கப் பார்த்தால் கெர்னல் பதிவில் தெரியும். ரீலோட் செய்யும் முறை மேலே சொன்னதே. பட வியூவரில் ஸ்கேன்கள் வழக்கம்போல் திறக்கும். ஒரே நகலை டெஸ்க்டாப்பிலும் போட்டு வைத்திருந்தால் அதை இந்த விதி காக்காது. அங்கே இருப்பதை முதலில் அழித்துவிடுங்கள்.