பக்கவாதத்துக்குப் பிறகு விஆர் கருவியில் கைப்பயிற்சி: பலன் இருக்குமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை, கால் பாதிக்கப்பட்டன. இப்போது மெதுவாக நடக்கிறார். கையைத் தோள் உயரம் வரை தூக்குகிறார். விரல்கள்தான் சரியாக விரிவதில்லை. பிசியோதெரபி அலுத்துவிட்டது, வேண்டாம் என்கிறார். கணினிக் காட்சியைக் கண் முன்னே காட்டும் விஆர் (மெய்நிகர்) ஹெட்செட்டை மாட்டி, விளையாட்டு போலப் பயிற்சி தருகிறார்களாம். அதில் சேர்த்தால் கை சீக்கிரம் சரியாகுமா? கடையில் விற்கும் ஹெட்செட்டை வாங்கி வீட்டிலேயே செய்யலாமா?

பதில்: இப்போது செய்யும் பயிற்சியை நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாக விஆர் என்றால், பெரிதாக எதுவும் கிடைக்காது. அதைத் தொடர்ந்துகொண்டே மேலதிகமாக விஆரும் செய்தால் கைக்கு நல்லது நடக்க வாய்ப்பு இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு ஒன்று 2017-இல் 72 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், பக்கவாதம் வந்தவர்களில் ஒரு பிரிவினர், டிவி திரையைப் பார்த்துக் கையசைத்து ஆடும் வீ (Wii) கேம் கருவியில் விளையாடினார்கள். மற்றவர்கள் அதே அளவு நேரம் சீட்டு, ஜெங்கா (மரக்கட்டை அடுக்கும் விளையாட்டு) போன்றவற்றை ஆடினார்கள். இரு பிரிவினருக்கும் கை ஒரே மாதிரிதான் தேறியது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. மூளைக்குத் திரை முக்கியமில்லை, கை எத்தனை முறை வேலை செய்தது என்பதே முக்கியம்.

அந்த எண்ணிக்கையில்தான் நாம் எல்லோரும் கோட்டை விடுகிறோம். பக்கவாத நோயாளிகளின் தெரபி நேரங்களைக் கவனித்து எண்ணிய ஓர் ஆய்வு 2009-இல் வந்தது. எடுப்பது, வைப்பது போன்ற பயனுள்ள கை அசைவுகள் ஒரு அமர்வில் சராசரியாக 32 முறைதான் நடந்தன. விலங்குகளில் மூளை தன்னை மாற்றியமைத்துக்கொள்ள ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை தேவைப்பட்டது. 'முந்நூறு முறை கையை நீட்டுங்கள்' என்றால் யார்தான் செய்வார்கள்? விளையாட்டில் பறந்து வரும் பந்தைப் பிடிக்கச் சொன்னால் எண்ணாமலே செய்துவிடுவார்கள். அலுத்துப்போன உங்கள் அப்பாவுக்கு அந்த வகையில் இது பொருந்தும்.

ஆனால் வீட்டுக்கு ஹெட்செட் வாங்குவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. அப்பாவின் பிரச்சினை விரல் விரியாதது. விளையாட்டுக் கருவிகளின் கன்ட்ரோலரையோ இறுகப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்த வேண்டும். ஏற்கெனவே மடங்கி இறுகும் விரலை மேலும் மடக்கும் பயிற்சி அது! கன்ட்ரோலர் இல்லாமல், வெறும் கையைக் கேமரா மூலம் கண்டுபிடிக்கும் வகை இவருக்குத் தோதானது. விரலைத் திறந்தால்தான் பொருள் கீழே விழும், அப்போதுதான் மதிப்பெண் என்று அமைந்த விளையாட்டு கிடைத்தால் விடாதீர்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் கருவி பார்க்கும், எப்படிப் போனது என்று பார்க்காது. முழங்கையை நீட்டாமல், உடம்பை முன்னால் சாய்த்தும் தோளைத் தூக்கியும் இலக்கைத் தொட்டாலும் மதிப்பெண் ஏறும். தவறான அசைவு பழகிவிடும், தோள்வலியும் வரும். அதனால் ஆரம்பத்திலாவது பிசியோதெரபிஸ்ட்டோ, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டோ பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும். நீங்கள் பார்த்த மையத்தில் ஹெட்செட்டை மாட்டிவிட்டு ஆள் போய்விடுகிறாரா, கூடவே நின்று திருத்துகிறாரா என்று ஒரு நாள் போய்க் கவனியுங்கள்.

திரையில் தெரியும் கோப்பைக்கு எடையும் இல்லை, வழுக்கலும் இல்லை. ஆகவே ஒவ்வொரு முறை விளையாடி முடித்ததும் சில நிமிடம் நிஜக் கோப்பையை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நிஜக் காட்சியின் மேலேயே கணினிப் படத்தைச் சேர்த்துக் காட்டும் ஏஆர் வகையில் எதிரில் உள்ள மேசையும் தரையும் கண்ணுக்குத் தெரியும். விழும் பயமும் குறைவு. இரண்டும் இருந்தால் நான் ஏஆரைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பாதுகாப்பு விஷயத்துக்கு வருவோம். பக்கவாதத்துக்குப் பிறகு ஒருமுறையாவது வலிப்பு வந்திருந்தாலும், பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தாலும் அவருடைய மருத்துவரைக் கேட்காமல் ஹெட்செட் வேண்டாம். வலப்பக்கம் பாதித்தவர்களில் சிலருக்கு வலப்பக்கப் பார்வையும் குறைந்திருக்கும், பேச்சைப் புரிந்துகொள்வதும் சிரமமாக இருக்கலாம். இரண்டையும் முன்பே சோதித்துவிடுங்கள். கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார வைத்து, 5 நிமிடத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கண் 'நகர்கிறோம்' என்றும் உள்காது 'இல்லை' என்றும் சொன்னால் குமட்டலும் தலைச்சுற்றலும் வரும். கார் ஓட்டுவது, மலையில் பறப்பது போன்றவற்றைத் தவிர்த்து, சுற்றுப்புறம் அசையாத விளையாட்டாகப் பாருங்கள்.

பணம் செலவழிக்கும் முன் ஒரு சாதாரணக் கண்ணாடியை முயன்று பார்க்கலாம். கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வரும் மாய வலிக்காக மருத்துவர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கொண்டுவந்த உத்தி இது. பாதித்த கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்துவிட்டு, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி இரண்டு கை விரல்களையும் விரிக்க முயல வேண்டும். பக்கவாதத்திலும் இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. விஆர் பயிற்சிகளில் சில இதே வித்தையைத்தான் கணினியில் செய்கின்றன. முறையைத் தெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

பக்கவாதத்துக்குப் பின் முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன் பிறகு நின்றுவிடாது, மெதுவாகும். அதனால் விஆரில் சேர்க்கும் முன் அப்பா சட்டைப் பட்டன் போடுவதையும், குழாயைத் திறப்பதையும், கோப்பையைப் பிடித்து விடுவதையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். ஆறு வாரம் கழித்து அதே மூன்றையும் மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். அதில் மாற்றம் இல்லையென்றால், விளையாட்டில் எத்தனை லெவல் தாண்டியிருந்தாலும் அடுத்த மாதத்துக்குப் பணம் கட்ட வேண்டாம்.