நீளமான வசனமெல்லாம் கொம்ப்ளெக்ஸா?

வணக்கம் ரீச்சர்,

மகள் அடுத்த வருடம் ஓ.எல். பரீட்சை எழுதுகிறாள். ரியூசனுக்கும் போகிறாள். ஆனாலும் சிம்பிள், கொம்பவுண்ட், கொம்ப்ளெக்ஸ் என்று ஆங்கில வசனங்களைப் பிரிக்கச் சொன்னால் குழம்புகிறாள். இடியம்களை, அதாவது மரபுத்தொடர்களை, கொப்பியில் எழுதிப் பாடமாக்கியும், பந்தியில் வந்தால் பிடிபடுவதில்லை. வீட்டில் நான் எப்படி உதவலாம்?

ஒரு தாய், கொக்குவில்

அன்புள்ள தங்கச்சி,

பிள்ளை வசனத்தின் நீளத்தைப் பார்த்து முடிவெடுக்கிறாள் என்று நினைக்கிறேன். என்னிடம் வருகிற பிள்ளைகள் பலரும் அப்படித்தான். 'த மான் இன் த புளூ சேட் நியர் நல்லூர் ரெம்பிள் இஸ் மை அங்கிள்.' இவ்வளவு நீளத்துக்கும் எழுவாயும் வினையுமாக ஒரே சோடிதான். அது சிம்பிள். 'ஐ லெஃப்ற் வென் இற் ரெயின்ட்.' ஐந்தே சொல், ஆனால் இரண்டு சோடி.

பென்சிலைக் கொடுத்துச் சோடிகளுக்குக் கீழே கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு வந்தால், இணைப்பில் வெட்டி ஒவ்வொரு துண்டையும் தனியே வாசிக்கட்டும். 'வென் இற் ரெயின்ட்' என்று நிறுத்தினால் நீங்களே "பிறகு?" என்று கேட்பீர்கள். அப்படிக் கேட்க வைக்கிற துண்டு இருந்தால் கொம்ப்ளெக்ஸ். 'அன்ட்', 'பட்' போட்டுச் சேர்த்த இரண்டும் தனியாக நின்றால் கொம்பவுண்ட். தமிழில் இதை 'மழை பெய்தபோது' என்று எச்சத்தில் அடக்கிவிடுகிறோம். முற்று கடைசியில் ஒன்றுதான். ஆங்கிலத்தில் அந்தத் துண்டுக்குள்ளும் ஒரு முழு வினை நிற்கிறது. நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான், அது மந்தம் இல்லை.

சரி, இடியம். பட்டியலைப் பாடமாக்க வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 'கொடுப்புக்குள் சிரித்தான்' என்றால் வெளியே தெரியாமல் அடக்கிச் சிரித்தான் என்று உங்கள் மகளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. அம்மம்மா எந்த நேரத்தில் அதைச் சொன்னார் என்பது காதில் நிற்கிறது. ஆங்கிலத்துக்கும் அந்த நேரம்தான் வேண்டும். நேர்ப்பொருள் பந்தியில் ஒட்டாமல் நின்றால் இடியம் என்று சந்தேகப்படலாம். 'ஹி கிக்ட் த பக்கெற்' என்றால் ஆள் இறந்துபோனான். அதையே செயப்பாட்டுவினையாக்கி 'த பக்கெற் வோஸ் கிக்ட்' என்று சொல்லிப் பாருங்கள், சாவு போய் வாளி மட்டும் மிஞ்சும்.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்த பேர்சிவல் பாதிரியார், 1874இல் 6000க்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கிலத்தோடு சேர்த்து வெளியிட்டார். பழமொழி வேறு, இடியம் வேறு. ஆனாலும் இரண்டு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் அந்த வேலை பிள்ளைக்கும் நல்லது. கொப்பியில் ஒரு பக்கம் வீட்டில் கேட்ட பேச்சு, மறுபக்கம் ஆங்கிலம், கீழே எப்போது சொல்வது என்று ஒரு வரி. 'கொடுப்புக்குள் சிரிப்பதில்' தொடங்கட்டும். என்ன கண்டுபிடித்தாள் என்று எனக்கும் எழுதச் சொல்லுங்கள்.