ஐந்து பந்தயங்கள் மட்டுமே ஓடிய பில் வுகோவிச்சை மாபெரும் ஓட்டுநர் என்று சொல்லலாமா?

அமெரிக்காவின் 500 மைல் கார் பந்தயமான இண்டியானாபோலிஸ் 500இல் ஐந்து முறை மட்டுமே கலந்துகொண்டு இரண்டு முறை வென்ற பில் வுகோவிச்சை, நான்கு முறை வென்ற ஏ. ஜே. ஃபாய்ட்டுக்கு இணையாகப் பேசுவது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான் என்பது என் கருத்து. ஆனால் அதற்கு நான் காட்டும் காரணம் அவருடைய வெற்றிகள் அல்ல. 1951 முதல் 1955 வரை அங்கு அவர் ஓடிய 676 சுற்றுகளில் 485 சுற்றுகளை முதலிடத்தில் இருந்தபடியே ஓடினார் என்பதுதான்.

செர்பிய வம்சாவளியில் 1918இல் கலிபோர்னியாவில் பிறந்த அவர், ஃப்ரெஸ்னோவில் வளர்ந்து, பதின்பருவத்திலேயே தந்தையை இழந்து, 'மிட்ஜெட்' எனப்படும் சிறிய பந்தயக் கார்களில் ஓட்டப் பழகி, 1950இல் அப்பிரிவின் தேசிய சாம்பியன் ஆனார். 'பித்துப் பிடித்த ரஷ்யர்' என்ற பட்டப்பெயர் ரஷ்யாவோடு தொடர்பே இல்லாத இவருக்கு எப்படி ஒட்டிக்கொண்டதோ!

1952இல் ஹோவர்ட் கெக்கின் அணிக்காக ஃபிராங்க் குர்டிஸ் கட்டிய காரில் இஞ்சினும் அதிலிருந்து பின்சக்கரங்களுக்குச் செல்லும் தண்டும் இடப்புறம் தள்ளி வைக்கப்பட்டிருந்தன. இதனால் ஓட்டுநர் அந்தத் தண்டின் மேல் அமராமல் அதன் பக்கத்தில் தாழ்வாக அமர முடிந்தது. எல்லா வளைவுகளும் இடப்பக்கமே திரும்பும் அந்தத் தடத்துக்கு எடையை இடப்புறம் சேர்த்த இந்த அமைப்பு மிகவும் பொருந்தியது. அந்த ஆண்டு 150 சுற்றுகள் முதலிடத்தில் ஓடிய வுகோவிச், இன்னும் சில சுற்றுகளே எஞ்சியிருந்தபோது ஸ்டியரிங் பாகம் முறிந்ததால், காரை வெளிச்சுவரில் உரசியே நிறுத்த வேண்டியதாயிற்று. வெற்றி 22 வயது டிராய் ரட்மனுக்குப் போனது.

அவருடைய திறமையின் உச்சமாக நான் கருதுவது 1953ஆம் ஆண்டுப் பந்தயத்தைத்தான். கடும் வெயிலில் பல ஓட்டுநர்கள் பாதியில் இறங்கி மாற்று ஓட்டுநரிடம் காரை ஒப்படைத்தார்கள். கார்ல் ஸ்கார்பரோ என்ற ஓட்டுநர் வெப்பத் தாக்குதலால் உயிரையே இழந்தார். அன்று வுகோவிச் 500 மைலையும் தனியொருவராக ஓட்டி, 200 சுற்றுகளில் 195 சுற்றுகள் முதலிடத்தில் இருந்தார். அடுத்த ஆண்டு 19ஆம் இடத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் வென்றார். 1950 முதல் 1960 வரை இந்தப் பந்தயம் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப் கணக்கிலும் சேர்க்கப்பட்டதால், அந்த வெற்றியாளர் பட்டியலிலும் அவர் பெயர் இருப்பது ஒரு வேடிக்கை.

1955 மே 30 அன்று வேறு அணியின் காரில், தொடர்ந்து மூன்றாவது வெற்றியை நோக்கி முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். 57ஆம் சுற்றில், சுற்றுக் கணக்கில் பின்தங்கியிருந்தாலும் தடத்தில் அவருக்கு முன்னால் சென்ற ராட்ஜர் வார்டு என்ற ஓட்டுநரின் கார் அச்சு முறிந்து நிலைகுலைந்தது; அதைத் தவிர்க்க முயன்ற கார்கள் ஒன்றோடொன்று மோதின. விலக இடமின்றி அவற்றில் ஒன்றின் மீது மோதிய வுகோவிச்சின் கார் சுவரைத் தாண்டிப் போய்க் கவிழ்ந்தது; 36 வயதில் அவர் உயிர் பிரிந்தது. வேகவெறியே அவரைக் கொன்றது என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை; முன்னால் நடந்த விபத்தில் அவர் பங்கு எதுவும் இல்லை.